வண்டி திரும்பும் கல்

ஏரிக்கரை முடிகிற இடத்தில் ஒரு கல்.
இந்தப் பக்கம் நகரசபை வெள்ளையடித்தது,
அந்தப் பக்கம் பஞ்சாயத்து மஞ்சளடித்தது.
நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத
நான்கு விரல் சிமெண்ட்.

அதுவரை வரும் பேருந்து,
சூடு பட்டதுபோல் மூக்கைத் திருப்பிக்கொண்டு
மெஜெஸ்டிக்குக்குப் போய்விடும்.
மிச்சம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்
தையல் ஆலையிலிருந்து வருகிறவர்களுக்கு,
இரவு ஒன்பதரைக்கு,
கைபேசி வெளிச்சத்தில்,
நாய்களோடு.

நான் தொட்டகெரெ பஞ்சாயத்தின் கணக்கர்.
அல்சூரில் பிறந்தவள்.
கன்னடத்தில் கோப்பு எழுதி
தமிழில் கூட்டிப் பார்ப்பவள்.
மாநகராட்சி, நகரசபை, நாங்கள்:
மூவரும் ஒரு மேசைக்கு வர
பதினாறு மாதம், நாற்பத்தொரு கடிதம்.
முதல் கூட்டத்தில்
பிஸ்கட் யார் செலவு என்பதே முடிவாகவில்லை.

கிலோமீட்டர் கணக்கில் பிரிப்போம் என்றது நகரசபை.
அவர்கள் எல்லைக்குள் சாலை குறைவு.
தலைக்கணக்கில் பிரிப்போம் என்றது மாநகராட்சி.
அவர்கள் தலை எதுவும் இந்த வண்டியில் ஏறாது.
வருமானத்தைப் பார்த்துப் பிரிப்போம் என்றோம் நாங்கள்,
எங்களிடம் அது இல்லை என்பதால்.

"உங்கள் ஊரில் ஏறுகிறாள்,
எங்கள் ஊரில் தைக்கிறாள்,
நடுவே நகரசபைக் குழியில் குலுங்குகிறாள்.
இந்தப் பெண்ணில் யாருக்கு எத்தனை சதவீதம்?"
பொறியாளர் மஞ்சப்பா கேலிக்குத்தான் கேட்டார்.
குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன்.
எழுதிய பிறகு அது கேலியாக இல்லை.

ஐந்தாம் கூட்டம். மின்சாரம் இல்லை.
கோப்பை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த
எங்கள் தலைவி கெம்பம்மா
வீசுவதை நிறுத்திச் சொன்னார்:
"வாரச்சந்தை ஏலத்தில் வந்தது
மூன்று லட்சத்து எழுபதாயிரம்.
எழுதிக்கோ.
அடுத்து யார்?"

அந்த 'அடுத்து யார்'
டீ பிளாஸ்க்கைப்போல் மேசையில் நின்றது.
தனக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாமல்
தள்ளிவிட முடியாது.
நகரசபை வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து
ஒன்பது என்றது.
மாநகராட்சி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி,
பன்னிரண்டு தொண்ணூறு என்றது.
கடைசி வண்டியும் சேர்த்து
ஆண்டுக்குத் தேவை இருபத்தாறு.
துண்டு விழுந்த நாற்பதாயிரத்தை
யாரும் குனிந்து எடுக்கவில்லை.
பிறகு ஒரு சமையல் எண்ணெய் கம்பெனி எடுத்துக்கொண்டது,
வண்டியின் முதுகை
வாடகைக்கு வாங்கி.

இதை நல்ல செய்தியாகவே முடித்துவிடலாம்.
ஆனால் அந்த மூன்று எழுபது
சந்தைக்குக் கூரை போட வைத்திருந்த பணம்.
போன செவ்வாய் பெய்த மழையில்
கொத்தமல்லிக் கட்டுகள் மிதந்தன.
ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நிங்கம்மா
என்னைப் பார்த்தும்
விலை சொல்லவில்லை.
வரவில் வண்டி இருக்கிறது.
செலவில் டீசல் இருக்கிறது.
அவள் முகத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

முதல் நாள் கடைசி வண்டியில் நானும் போனேன்.
ஓட்டுநர் வீரபத்ரா
பதினோரு வருடமாக அந்தக் கல்லில் திருப்பியவர்.
கல் வந்ததும் கை தானாக வளைந்தது.
வண்டி பாதி திரும்பி
ஏரியைப் பார்த்தபடி நின்றது.
முகப்பு விளக்கில்
தண்ணீர் ஒரு கணம் விழித்தது.

பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்,
பையைத் தோளில் மாட்டி,
கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு.

யாரோ சிரித்தார்கள்.
வீரபத்ரா காதைத் தடவிக்கொண்டு
பின் கியர் போட்டார்.

உட்காருங்கம்மா, என்றார் நடத்துநர்,
இன்னும் இருக்கு.